வேலை போகும் முன், அதே நிறுவனத்தில் மாற்று வேலை கேட்கலாம்

"அடுத்த மாசத்தோட உங்க லைனை நிறுத்துறாங்களாம்." இந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே பலர் வெளியே பயோடேட்டா அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் வேறு பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேட்க மட்டும் தயங்குகிறோம். 'கெஞ்சுற மாதிரி ஆயிடுமோ' என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சம் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஆட்குறைப்புக்கு முன் மாற்று வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ளக் கொம்புகள் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஓராண்டு தொடர்ந்து பணிசெய்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். இது தவிர, திறன் மேம்பாட்டுக்கென்று 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் உங்கள் கணக்கில் சேர வேண்டும். 300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் அரசின் முன் அனுமதியும் தேவை. ஆகவே ஒருவரை அனுப்புவது நிர்வாகத்துக்கும் செலவுதான். பழகிய ஆளை இடம் மாற்றி வைத்துக்கொள்வது அவர்களுக்கும் லாபம். உங்கள் பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. மாற்றிச் செய்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பின் வந்தவர் அதே பணியில் இருக்க, உங்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் அதை நாகரிகமாகச் சுட்டிக்காட்டலாம்.

கேட்பதை நோட்டீஸ் வரும் முன்பே கேளுங்கள். வந்துவிட்டாலும் அந்த ஒரு மாதத்துக்குள் கேட்கலாம். வாய்ப்பேச்சோடு விடாமல் இமெயிலில் எழுதுங்கள், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். நீளமாக எழுதத் தேவையில்லை. "சார், அசெம்பிளி பிரிவை நிறுத்துவதாக அறிந்தேன். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். தரப் பரிசோதனையும் ஸ்டோர்ஸ் கணக்கும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவுகளிலோ மற்ற யூனிட்டிலோ காலியிடம் இருந்தால் என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். பயிற்சி தேவைப்பட்டாலும் தயார்." இவ்வளவு போதும். 'எந்த வேலையானாலும் பரவாயில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் உங்களை எங்கே பொருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

அதே நாளில் போனில் ஒரு வேலை செய்துவிடுங்கள். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், இன்கிரிமென்ட் கடிதங்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கம்பெனி லாகின் மூடப்பட்டால் அவற்றைக் கேட்டுக் கேட்டு அலைய வேண்டியிருக்கும். உமங் செயலியில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கலாம். மாதாமாதம் பணம் கட்டப்பட்ட விவரம் உங்கள் பணிக்காலத்துக்கு நல்ல சான்று.

மாற்று வேலை கிடைத்தால் உடனே தலையாட்ட வேண்டாம், கணக்குப் பாருங்கள். பணிக்கொடை கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கணக்குக்கான மாத ஊதியம் ரூ.26,000, பணிக்காலம் 8 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ரூ.15,000. 8 ஆண்டுக்கு ரூ.1,20,000. புதிய பொறுப்பில் ஊதியம் ரூ.20,800 ஆகக் குறைந்தால், ஏற்கெனவே உழைத்த அந்த 8 ஆண்டுக்கான தொகையும் ரூ.96,000 ஆகிவிடும். மாதச் சம்பளக் குறைவு கண்ணுக்குத் தெரியும், இந்த ரூ.24,000 தெரியாது. ஆகவே சம்பளம் குறையும் என்றால், பழைய காலத்துக்குப் பழைய ஊதியத்திலேயே பணிக்கொடை உண்டு என்று எழுத்தில் கேளுங்கள்.

குழுமத்தின் வேறு கம்பெனிக்கு மாற்றினால் இன்னும் கவனம் தேவை. பெயர்ப்பலகை ஒன்றுபோல இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வேறு முதலாளியாக இருக்கலாம். பணிக்கொடைக்கு வேண்டிய 5 ஆண்டுக் கணக்கு அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடக்கூடும். 'முந்தைய பணிக்காலம் தொடரும்' என்ற வரி ஆர்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய கணக்கை முழுதாகத் தீர்த்துவிட்டுப் போங்கள். பி.எஃப்.-க்கு அதே யு.ஏ.என். போதும், கணக்கை மாற்றிக்கொண்டால் சரி.

"முதல்ல ராஜினாமா எழுதிக் கொடுங்க, அப்புறம் அங்க எடுத்துக்குறோம்" என்று சொன்னால் நின்று யோசியுங்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. கையில் புதிய ஆர்டர் வராமல் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'பாத்துக்கலாம்' ஆர்டர் ஆகாது.

லே-ஆஃப் விஷயம் வேறு. அங்கே வேலை போவதில்லை, தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. அந்தக் காலத்தில் அதே இடத்திலோ, அதே ஊரிலோ, 8 கிலோமீட்டருக்குள் உள்ள அதே முதலாளியின் வேறு இடத்திலோ, தனித்திறமை தேவைப்படாத, நீங்கள் செய்யக்கூடிய வேலையை வழக்கமான ஊதியத்தோடு கொடுத்து, நீங்கள் மறுத்தால் லே-ஆஃப் இழப்பீடு கிடைக்காது. கோபத்தில் 'முடியாது' என்று சொல்லும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மேலே சொன்ன ஆட்குறைப்பு, லே-ஆஃப் உரிமைகள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே. மேலாளர் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அதில் வர மாட்டார்கள். பதவிப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். விசிட்டிங் கார்டில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று இருந்தாலும், உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே முக்கியம்.

சட்டப்படி தர வேண்டியதைத் தராமல் அனுப்பிவிட்டால், உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 1100-க்கு போன் செய்து குறையைப் பதியலாம். ஆனால் அது சமரச மனுவுக்கு மாற்றாகாது.

ஒருவேளை மாற்று வேலையே கிடைக்காமல் வெளியே வந்துவிட்டாலும் கதவு முழுதாக மூடுவதில்லை. ஆட்குறைப்பு நடந்து ஓராண்டுக்குள் நிறுவனம் புதிதாக ஆள் எடுத்தால், ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கு வாய்ப்புத் தந்து, மற்றவர்களை விட முன்னுரிமை அளிக்க வேண்டும். அதனால் வெளியேறும் நாளில் உங்கள் முகவரி, போன் நம்பர், இமெயில் மூன்றையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஓராண்டுக்குள் நம்பரை மாற்றினால், அதையும் ஒரு இமெயிலில் தெரிவித்துவிடுங்கள்.