காவலூர் வானும் கட்டற்ற கணிதமும்

நுழையும்முன்

வானத்தைப் பார்ப்பவர் கண்ணால் பார்க்கிறார் என்றே நாம் எண்ணுகிறோம். இன்றைய வானியலாளர் பெரும்பாலும் எண்களைப் பார்க்கிறார். அந்த எண்களைத் தூய்மை செய்து உண்மையைப் பிரித்தெடுக்கும் கணிதக் கருவிகளை யார் உருவாக்கினர்? அவை யாருக்குச் சொந்தம்? நம் ஜவ்வாது மலையிலிருந்து தொடங்கி விடை தேடுவோம்.

போளூர்த் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி மேற்கே நோக்கினால், ஜவ்வாது மலைத்தொடர் நீலத்திரை போல் விரிந்திருக்கும். அம்மலைமேல் ஏறும் சாலை ஜமுனாமரத்தூரைச் சென்றடைகிறது. அதற்கும் அப்பால், திருப்பத்தூர் மாவட்டத்துக்குரிய மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. நகர வெளிச்சத்திலிருந்து ஒதுங்கியிருந்த இவ்விடத்தை வானியலறிஞர் வைணு பாப்பு தெரிவுசெய்தார். 1960களின் இறுதியில் அங்கு ஆய்வுப் பணிகள் தொடங்கின. 1977ஆம் ஆண்டு யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென உணர்த்திய அளவீடுகளுள், காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டவையும் இடம்பெற்றன. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

தொலைநோக்கி திரட்டும் ஒளி, மின்னணு உணரியின்மீது விழுந்து எண்களாக மாறுகிறது. அகலத்தில் 1024, உயரத்தில் 1024 என்று புள்ளிகள் அமைந்த உணரி ஒன்றைக் கொள்வோம். அது எடுக்கும் ஒரே படத்தில் 10,48,576 எண்கள் இருக்கும். கணித வகுப்பில் நாம் பயிலும் அணி என்பதன் பேருருவமே அது.

அந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. ஒளியே விழாதபோதும் உணரி ஓர் அடிப்படை எண்ணைக் காட்டும். எல்லாப் புள்ளிகளும் ஒளியை ஒரே திறனுடன் ஏற்பதும் இல்லை. ஆகவே வானியலாளர் மூடியை மூடி ஒரு படமும், சீராக ஒளியூட்டப்பட்ட பரப்பை நோக்கி ஒரு படமும் தனியே எடுத்து வைத்துக்கொள்கிறார். முதலாவதைக் கழித்து, இரண்டாவதிலிருந்து பெற்ற திறன் விகிதத்தால் வகுக்கிறார். ஒரு புள்ளி 1240 என்றும், அதன் அண்டைப்புள்ளி 1500 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். அடிப்படை எண் இரண்டிற்கும் 200. திறன் விகிதம் முதற்புள்ளிக்கு 0.8, அடுத்ததற்கு 1. கழித்து வகுத்தால் இரண்டும் 1300 ஆகின்றன! பெரிய வேறுபாடு போலத் தோன்றியது விண்மீனுடையதன்று, கருவியின் குறை. இதை அறியாமல் ஒருவர் புதிய கண்டுபிடிப்பென முழங்கினால் என்னாகும்?

இக்கணக்கைப் பத்து இலட்சம் புள்ளிகளுக்கும் செய்யவேண்டும். பைத்தான் மொழியில் நம்பை என்னும் நிரல் நூலகத்தைத் துணைக்கொண்டால் இது ஒரே வரியில் முடிகிறது. நிரல் நூலகம் என்பது, பலரும் மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய கணக்குகளை ஒருமுறை செம்மையாக எழுதிச் சோதித்துப் பொதுவில் வைத்த தொகுப்பாகும். ஊர்ப் பொதுக்கிணற்றைப் போன்றது அது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் தனித்தனியே கிணறு தோண்ட வேண்டியதில்லை.

நம்பை பிறந்த வரலாறு சுவையானது. 1995 அளவில் நியூமெரிக் என்னும் நூலகம் உருவாயிற்று. பின்னர் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பெரும் படங்களைக் கையாள அது போதாதெனக் கண்ட அமெரிக்க விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தார் நம்அரே என்னும் மற்றொன்றை எழுதினர். முன்னது சிறிய அணிகளில் விரைவானது. பின்னது பெரிய அணிகளுக்கு ஏற்றது. விளைவு, அறிவியலாளர் இரு அணிகளாகப் பிரிந்தனர். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் பயன்படவில்லை. இளம் பேராசிரியராயிருந்த டிராவிஸ் ஒலிஃபன்ட் 2005இல் இரண்டையும் இணைக்கும் வேலையை மேற்கொண்டார். ஆய்வுக் கட்டுரைகள் எழுதிப் பதவி உயர்வு தேடவேண்டிய வயதில் அவர் நிரல் எழுதிக்கொண்டிருந்தார். 2006இல் நம்பையின் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. இருவர் நிரல்களும் எவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த மூல நிரல்களாக இருந்தமையாலேயே அந்த இணைப்பு இயன்றது என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும்.

அதன் அடியில் இன்னும் பழைய அடுக்குகள் உள்ளன. ஒருபடிச் சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்க்குமாறு இன்று ஒரு மாணவர் நம்பையைப் பணித்தால், உள்ளே உழைப்பது 1992இல் வெளியான லேபேக் என்னும் நூலகத்தின் வழிமுறை. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட அது மாணவரினும் மூத்ததாகக்கூட இருக்கலாம்! அதன்மேல் சைபை, வரைபடம் தீட்டும் மேட்பிளாட்லிப், வானியலுக்கெனவே அமைந்த ஆஸ்ட்ரோபை என ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. 2019இல் வெளியிடப்பட்ட கருந்துளையின் முதற்படத்தை உருவாக்கியதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

தெரியுமா?

காவலூரில் 1988இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றிற்கு ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் நினைவாக ‘இராமானுஜன்’ எனப் பெயரிடப்பட்டுள்ளது. அதன் எண் 4130.

இம்மென்பொருள்களைப் பெறப் பணம் தர வேண்டியதில்லை. சிற்றூர்ப் பள்ளிக்கும் அரசுக் கல்லூரிக்கும் அது பேருதவிதான். எனினும், விலையின்மையைவிட மறைவின்மையே அறிவியலுக்கு இன்றியமையாதது என்பேன். ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் சோதித்துப் பார்க்க இயலவேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை. கணக்குச் செய்த நிரல் மூடிய பெட்டிக்குள் இருந்தால், விடையை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். வழிமுறையைச் சரிபார்க்க இயலாது. விடைத்தாளில் படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் முழு மதிப்பெண் தருவாரா?

பொதுச்சொத்தைப் பேணுவது யார் என்னும் வினா இங்கே எழுகிறது. உலகெங்கும் வானியலாளர்கள் பல்லாண்டுகளாகப் படங்களைச் செம்மை செய்யப் பயன்படுத்திய மென்பொருள் ஐராஃப். 1980களில் அதைத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் ஒரு கட்டத்தில் மேம்பாட்டுப் பணியை நிறுத்திவிட்டது. புதிய கணினிகளில் அது தடுமாறியது. அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ ஆய்வு வழிமுறைகள் என்னாகும் என்ற கவலை பிறந்தது. மூல நிரல் கையில் இருந்ததால் பயனர்கள் சிலரே முன்வந்து அதைப் பழுதுபார்த்து இயங்கச் செய்தனர். நம்பையும் பல்லாண்டுகள் தன்னார்வலரின் மாலைநேர உழைப்பிலேயே நடந்தது. பெருந்தொகை நல்கை அதற்குக் கிட்டியது 2017இல்தான். கோடிக்கணக்கானோர் நீர் மொள்ளும் கிணற்றைத் தூர்வாரச் சிலரே வருகின்றனர்.

அச்சிலருள் நம்மவரும் உண்டு. முப்பரிமாண அறிவியல் தரவுகளைக் காட்சியாக்கும் மயாவி என்னும் மென்பொருளை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த பிரபு இராமச்சந்திரன் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். பின்னர் மும்பைத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். அங்கு நடுவண் அரசின் உதவியுடன் இயங்கும் ஃபாஸ்ஸீ திட்டம், கட்டற்ற அறிவியல் மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. அக்கழகத்திலிருந்தே வெளிவரும் பேச்சுவழிப் பயிற்சிகள் தமிழிலும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் பைத்தானையும் மேட்பிளாட்லிப்பையும் கற்பிக்கிறது.

பங்களிக்கப் பெரிய நிரலாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. விளக்கக் குறிப்பில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டலாம். தவறான விடை வந்தால், எந்த உள்ளீட்டுக்கு வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதலாம். போளூர்ப் பள்ளியின் கணினி அறையிலிருந்து அனுப்பிய திருத்தம் ஏற்கப்பட்டால், பின்னாளில் காவலூரில் படத்தைத் தூய்மை செய்பவரும் அதையே பயன்படுத்துவார்.

கற்பவை கற்றபின்

உணரியின் மூன்று புள்ளிகள் முறையே 980, 1100, 860 எனக் காட்டுகின்றன. அடிப்படை எண் மூன்றிற்கும் 200. திறன் விகிதங்கள் 1.3, 1.5, 1.1. உண்மை ஒளியளவைக் கணக்கிட்டு, உமது வழிமுறையைப் பிறர் சரிபார்க்கும் வகையில் படிப்படியாக எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.