ஏ.சி. மாட்டும் நாள்

புனே நகரின் வடகிழக்கில் இருக்கிறது லோஹேகாவ். அங்கே விமானப்படைத் தளம் உண்டு. புனே விமான நிலையமும் அங்கேதான். போர் விமானமும் பயணிகள் விமானமும் ஒரே ஓடுபாதையில் இறங்கும். முன்பு அது கிராமம். 2017இல் ஊரின் மீதிப் பகுதியும் மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் புதுக் கட்டடங்கள்.

ஏப்ரல் மாதம் அங்கே வெயில் கொளுத்தும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவில் குளிர் நடுக்கும். அதனால் சில வீடுகளில் குளிரும் சூடும் தரும் ஏ.சி. வாங்குகிறார்கள்.

அப்படி ஒரு வீடு. வீட்டுக்காரர் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்க் குடும்பம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. மேல்தளத்துப் படுக்கை அறையில் ஏ.சி. மாட்ட வேண்டும். காலையில் இரண்டு பேர் வந்தார்கள். மூத்த மெக்கானிக் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். இளையவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மாலை வகுப்பில் படித்து, எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றிருந்தார்.

அட்டைப் பெட்டியில் '1.5 டன்' என்று போட்டிருந்தது. இளையவர் வாசித்தார். பிறகு திகைத்தார்.

"அண்ணே, ஒன்றரை டன்னா? நாம ரெண்டு பேர் எப்படித் தூக்குறது?"

மூத்தவர் சிரித்தார். "அது எடை இல்லை தம்பி. முன்காலத்துல பனிக்கட்டி வச்சுத்தான் குளிர வச்சாங்க. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினா எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை இழுக்குற மெஷின் ஒரு டன் மெஷின்."

உண்மையான எடை வேறு. வெளியே வைக்கும் பெட்டி மட்டும் சுமார் 30 கிலோ இருக்கும். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதில் பாதிக்கும் மேல்.

இந்த வகை ஏ.சி.யில் இரண்டு பெட்டிகள். ஒன்று அறைக்குள்ளே, மற்றது வெளியே. இரண்டையும் இரண்டு செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. குழாய்க்குள் ஒரு வாயு சுற்றிக்கொண்டே இருக்கும். 'கேஸ்' என்று சொல்வது அதைத்தான். உடம்பில் வியர்வை காயும்போது குளிர்கிறது அல்லவா? அதுபோலத்தான். உள்பெட்டியில் கேஸ் திரவமாக வந்து ஆவியாகிறது. அப்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் இருக்கும் கம்பரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெப்பம் வெளியே போகிறது. கேஸ் மறுபடி திரவமாகிறது.

குளிர்காலத்தில் ஒரு வால்வு இந்தச் சுற்றைத் திருப்பிவிடும். அப்போது வெளியே உள்ள வெப்பம் அறைக்குள் வரும். குளிர்ந்த காற்றிலும் கொஞ்சம் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. இதைத்தான் 'ஹீட் பம்ப்' என்கிறார்கள். தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றும் பம்பு போல, இது வெப்பத்தை ஏற்றும் பம்பு.

வீட்டம்மா இடத்தைக் காட்டினார். "இந்த ஜன்னலுக்கு வெளியே மாட்டிடுங்க தம்பி. பைப் கொஞ்சம்தான் ஆகும்."

மூத்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே சந்து. பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். மூத்தவர் சுவரைச் சுத்தியலால் தட்டினார். 'தொம்' என்று சத்தம் வந்தது. டிரில்லிங் மெஷினால் சின்ன ஓட்டை போட்டார். கொஞ்ச ஆழம் போனதும் மெஷின் சட்டென்று உள்ளே இறங்கியது.

"இது உள்ளே ஓட்டை உள்ள ஹாலோ பிளாக் சுவர் அம்மா. போல்ட் இன்னைக்குப் பிடிக்கும். மெஷின் தினமும் அதிரும். மழையில துருப்பிடிக்கும். ஒரு நாள் கழண்டு வரும். இங்க வேண்டாம்."

"பக்கத்து வீட்டுல இப்படித்தானே மாட்டியிருக்காங்க?"

மூத்தவர் உடனே பதில் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு டெல்லியில் நடந்ததைச் சொன்னார். 2024 ஆகஸ்டில், கரோல்பாக் பகுதியில், ஓர் இளைஞர் தெருவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஏ.சி.யின் வெளிப்பெட்டி அவர் தலையில் விழுந்தது. அவர் இறந்துபோனார்.

வீட்டம்மா மறுபடி சந்தைப் பார்த்தார். "சரி, வேற எங்க வைக்கலாம்?"

மொட்டை மாடியில் வைக்க முடிவானது. தரையில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் பெட்டி. குழாய் நான்கு மீட்டர் கூடுதலாக வேண்டும். செலவும் கூடும். வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டார். கெட்டியான கான்கிரீட் சுவராக இருந்து, நல்ல ஆங்கர் போல்ட் போட்டால் சுவரில் மாட்டலாம். செங்கல் சுவரானால், செங்கல் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடிக்கும் போல்ட், போல்ட்டே அல்ல.

குழாய் வெளிச்சுவர் வழியே மேலே போக வேண்டும். கிளிப் அடிக்க வேண்டும். இளையவர் ஜன்னலைத் தாண்டி, சன்ஷேடில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"தம்பி, உள்ள வா!"

குரலில் கோபம் இருந்தது. இளையவர் திரும்பி உள்ளே இறங்கினார்.

"ஒரு நிமிஷ வேலைதானே அண்ணே?"

"விழுறதுக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சன்ஷேடு மழைக்காகக் கட்டினது, மனுஷன் நிக்கக் கட்டினது இல்லை."

பையிலிருந்து பெல்ட்டை எடுத்தார். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் அல்ல. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் பெல்ட். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு விழுந்தால், கயிறு பிடிக்கும்போது முதுகெலும்பு உடையலாம். கயிற்றை எங்கே கட்டுவது? இளையவர் தண்ணீர்க் குழாயைக் காட்டினார். மூத்தவர் தலையை ஆட்டி மறுத்தார். மாடிப்படி அறையின் கான்கிரீட் தூணில் கட்டினார். கீழே சந்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, ஆட்கள் வராமல் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொன்னார். ஏணி வைத்து, பெல்ட் மாட்டி, இளையவரே கிளிப் அடித்தார். ஒரு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது.

உள்பெட்டியை ரசமட்டம் வைத்து மாட்டினார்கள். தண்ணீர் வெளியேறும் குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுவரில் வழியும். அது எளிய வேலை.

அடுத்தது கேஸ் வேலை. வெளிப்பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இளையவர் வாசித்தார். 'ஆர்-32' என்று இருந்தது. பக்கத்தில் தீச்சுடர் படம்.

"இது எரியுமா அண்ணே?"

"எரியும்."

பழைய ஏ.சி.களில் ஆர்-22 என்ற கேஸ் இருந்தது. சாதாரணமாக அது தீப்பிடிக்காது. ஆனால் அது வானத்தில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுத்தது. அதனால் உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. இப்போது பல ஏ.சி.களில் ஆர்-32 வருகிறது. அது மெதுவாக எரியும் வகை. ஆர்-290 என்பது வேகமாக எரியும். அது வேறொன்றுமில்லை, புரோபேன். நம் சமையல் சிலிண்டரில் உள்ள வாயுக்களில் ஒன்று. புனேக்குத் தெற்கே ஷிர்வல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கோத்ரெஜ் நிறுவனம் 2012 முதல் புரோபேன் ஏ.சி. செய்தது. மாட்டுகிறவர்களுக்கு அதற்கென்று பயிற்சியும் கொடுத்தது. எரியும் கேஸ் என்பதால் பயந்து ஓட வேண்டியதில்லை. சமையல் கேஸோடு தினமும்தானே வாழ்கிறோம்? ஆனால் பழைய பழக்கங்களை விட வேண்டும்.

பழைய பழக்கம் ஒன்று: குழாயில் உள்ள காற்றைத் துரத்த, கொஞ்சம் கேஸைத் திறந்து வெளியே விடுவார்கள். எரியும் கேஸை அறைக்குள் அப்படி விடலாமா?

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். கசிவு பார்ப்பதற்காக, வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து குழாயில் ஏற்றுவார்கள். கம்பரசரில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால், நெருப்பு இல்லாமலே வெடிக்கும். கம்பரசர் குண்டு போலச் சிதறும். பக்கத்தில் இருப்பவர் பிழைப்பது அரிது. ஏற்ற வேண்டியது நைட்ரஜன் மட்டுமே. நைட்ரஜன் எரியாது. அதற்கும் ரெகுலேட்டர் மாட்டித்தான் ஏற்ற வேண்டும்.

இளையவர் செப்புக் குழாயின் வாயை விரித்தார். இதற்கு 'பிளேர்' என்று பெயர். விரித்த வாயில் கீறல் இருக்கக் கூடாது. செப்புத் தூள் உள்ளே விழக் கூடாது. நட்டை முறுக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் குழாய் திருகிக்கொள்ளும். பலம் இருக்கிறது என்று அதிகமாக முறுக்கினால் பிளேர் வெடிக்கும். அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் நல்லது.

நைட்ரஜன் ஏற்றினார்கள். எவ்வளவு அழுத்தம் என்று கம்பெனிக் கையேட்டில் இருந்தது. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினார்கள். ஓர் இணைப்பில் சின்னக் குமிழி வந்தது. நைட்ரஜனை வெளியே விட்டு, பிளேரை வெட்டி, மறுபடி செய்தார்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது.

பிறகு நைட்ரஜனை முழுதும் திறந்துவிட்டு, வேக்கம் பம்ப் மாட்டினார்கள். குழாயில் இருந்த காற்றையும் ஈரத்தையும் அது உறிஞ்சும். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் சூடு இல்லாமலே கொதித்து ஆவியாகிவிடும். அப்படித்தான் ஈரமும் வெளியேறுகிறது. ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெய் கெட்டு அமிலமாகும். கம்பரசர் சீக்கிரம் போய்விடும்.

பம்பு அரை மணி நேரம் ஓடியது. வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"பம்பு வேலை செய்யுது சார். எங்க வேலை மீட்டரைப் பார்க்கிறது."

பம்பை நிறுத்தினார்கள். மீட்டர் முள் அசையாமல் நின்றது. கசிவு இல்லை. அதன் பிறகே கேஸ் வால்வைத் திறந்தார்கள். கூடுதல் குழாய்க்கு எவ்வளவு கேஸ் வேண்டுமோ, அதைத் தராசில் நிறுத்து ஏற்றினார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். ஆர்-32 திரவம் கையில் பட்டால், நெருப்புப் பட்டது போலத் தோல் புண்ணாகும். அவ்வளவு குளிர்.

ஏ.சி.யைக் கழற்றும்போதும் ஆபத்து உண்டு. கேஸை எல்லாம் வெளிப்பெட்டிக்குள் இழுக்கக் கம்பரசரை ஓட்டுவார்கள். அது ஓடும்போதே குழாயைக் கழற்றினால், காற்று உள்ளே போகும். காற்றும் எண்ணெயும் அழுந்தி வெடிக்கும். ஜப்பானில் இப்படி விபத்துகள் நடந்து, அரசே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. வால்வு இரண்டையும் மூடி, கம்பரசரை நிறுத்தி, அதன் பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

கடைசியில் மின்சாரம். சுவரில் மூன்று துளை பிளக் இருந்தது. இளையவர் அதில் செருகப் போனார். மூத்தவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். எர்த் துளையில் ஒன்றும் காட்டவில்லை. பிளக்கைத் திறந்தார்கள். எர்த் துளைக்கு ஒயரே இல்லை. பார்வைக்கு மூன்று துளை. உள்ளே இரண்டு ஒயர்.

ஏ.சி.யின் உடம்பு இரும்பு. உள்ளே ஓர் ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டால், மின்சாரம் எர்த் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால், தொடுகிறவர் உடம்பு வழியே போகும். மொட்டை மாடியில் மழை நாளில் ஈரக் காலோடு துணி எடுக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

"இன்னைக்கு ஓட்ட முடியாது அம்மா," என்றார் மூத்தவர். "லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மெயின் போர்டுல இருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., எர்த், கசிவு வந்தா தானா அணையுற ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. போட்டதும் போன் பண்ணுங்க, வர்றோம்."

வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். காலையிலிருந்து காத்திருக்கிறார். இரவு வெக்கை வேறு. ஆனால் அவர் பேரன்தான் மொட்டை மாடியில் விளையாடுகிறவன். ஒன்றும் பேசாமல் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். மீட்டர் வைத்தார்கள். எர்த் சரியாக இருந்தது. சுவிட்சைப் போட்டார்கள். இளையவர் ரிமோட்டை வாசித்தார்.

"24ன்னு காட்டுது அண்ணே."

2020 முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. வேண்டுமென்றால் குறைத்துக்கொள்ளலாம். கரண்ட் பில் கூடும்.

சிறிது நேரத்தில் வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டியது. அறைக் காற்றில் இருந்த ஈரம் அது. 1902இல் அமெரிக்காவில் கேரியர் என்பவர் முதல் ஏ.சி.யை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் ஈரத்தைக் குறைக்கத்தான். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன.

வீட்டம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து குழாயின் கீழ் வைத்தார். "செடிக்கு ஊத்தலாமா தம்பி?"

"ஊத்தலாம் அம்மா. குடிக்க மட்டும் வேண்டாம்."