ஜெனரேட்டர் வாங்குமுன் மோட்டாரைப் பாருங்கள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் வாடகை ஜெனரேட்டர்களே கைகொடுத்தன. சொந்தமாக ஒன்று வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டு மோட்டாரின் தகட்டைப் படிப்பது நல்லது.

1 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். கிளம்பும் நொடியில் மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். 1 கே.வி.ஏ. ஜெனரேட்டர் உறுமிவிட்டு அணைந்துபோகும், 3 கே.வி.ஏ.வாவது வேண்டும். ஃபேன், லைட், செல்போன் மட்டுமென்றால் 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் வகையே தாராளம். சத்தமும் பெட்ரோல் செலவும் குறைவு.

மழைக்குப் பயந்து திண்ணையில் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, பக்கம் திறந்த தகரக் கூரையின்கீழ் வைக்கலாம்.

வீட்டு பிளக்கில் நேராகச் செருகவே கூடாது. கரண்ட் தலைகீழாக லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிருக்கே வினையாகும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

சும்மா கிடக்கும் மாதங்களில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்பரேட்டரில் அது பிசினாகிவிட்டால், அவசரத்துக்குக் கயிற்றை இழுத்து இழுத்துக் கைவலிதான் மிச்சம்.