தொற்றுக்காலத்தில் வழிகாட்டி நூல்களைப் படிப்பது எப்படி? பெஹாலாவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, கொரோனாவுக்காக 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது. கொல்கத்தாவில், பெஹாலாவின் சகேர்பஜாரில் இருந்த எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு மேஜைதான். சாப்பாடு, பிள்ளையின் பாடம், என் அலுவலகம் எல்லாம் அதன்மேல்தான். வாட்ஸாப்பில் வழிகாட்டிகள் வந்து குவிந்தன. கை கழுவுவது எப்படி, காய்கறியைக் கழுவுவது எப்படி, வீட்டிலிருந்தே வேலை செய்வது எப்படி என்று எல்லாவற்றையும் சேமித்து வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றையும் செய்திருக்கவில்லை.

கதைப் புத்தகம் படிப்பது வேறு, வழிகாட்டி படிப்பது வேறு. இரண்டாவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அது கடினமில்லை, ஒரு வாரத்தில் வந்துவிடும். முதலிலிருந்து சேர்ந்தே போவோம்.

எது வழிகாட்டி?

படித்ததும் கை வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்ய வைப்பதுதான் வழிகாட்டி. தமிழர்களுக்கு இது புதிதல்ல. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நினைவிருக்கிறதா? கல்யாணமாகி வேற்றூருக்குப் போகும் பெண்ணின் பெட்டியில் அம்மாக்கள் வைத்து அனுப்பிய புத்தகம் அது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எதற்குப் பிறகு எது என்ற மூன்றும் அதில் இருக்கும். நம் கைக்கு வரும் எந்த வழிகாட்டியிலும் முதலில் இந்த மூன்றையும் தேடுவோம்.

கொல்கத்தாவுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1898இல் பிளேக் பயம் நகரைப் பிடித்தபோது, விவேகானந்தர் மக்களுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டார். வீட்டையும் துணியையும் சாக்கடையையும் சுத்தமாக வையுங்கள், கெட்டுப்போனதைச் சாப்பிடாதீர்கள், வதந்திக்குக் காது கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அவருடைய சீடர் நிவேதிதா இந்த ஊர்த் தெருக்களில் இறங்கித் துப்புரவு வேலையை முன்னின்று நடத்தினார். எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் கையில் துடைப்பம் எடுத்தார்கள். வழிகாட்டியைப் படிக்கவேண்டிய முறையும் அதுதான் என்று நம்புகிறேன்.

முதல் படி: கேள்வியை எழுதுவோம்

புத்தகத்தைத் தேடுவதற்கு முன் ஒரு நோட்டு எடுப்போம். அதில் ஒரே ஒரு கேள்வி. ‘வீட்டிலிருந்து நன்றாக வேலை செய்வது எப்படி’ என்று எழுதினால் எந்தப் புத்தகமும் போதாது. ‘காலை பத்து முதல் பன்னிரண்டு வரை யாரும் கூப்பிடாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?’ என்று எழுதினால் பாதி விடை கேள்வியிலேயே வந்துவிடும். கேள்வி சிறியதாக இருக்கட்டும்.

எதைப் படிப்பது?

வேலைக்கு இரண்டு புத்தகங்கள் போதும். ஜேசன் ஃபிரைடும் டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சனும் எழுதிய ‘ரிமோட்’ 2013லேயே வந்தது. அலுவலகம் போகாமல் குழுவாக வேலை செய்வதைப் பற்றியது. கால் நியூபோர்ட்டின் ‘டீப் வொர்க்’ 2016இல் வந்தது. கவனம் சிதறாமல் உட்காருவதைப் பற்றியது. இரண்டையும் முழுக்கப் படிக்க வேண்டாம். நம் கேள்விக்கு உரிய அத்தியாயத்தை மட்டும் திறப்போம்.

வீட்டுக்கு வேண்டியவை இன்னும் முக்கியம், பெரும்பாலும் இலவசமும் கூட. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட மன அழுத்தத்துக்கான படவழிகாட்டி ஒன்று உண்டு. தினமும் சில நிமிடம் செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகள், ஒலிப்பதிவோடு இருக்கின்றன. டேவிட் வெர்னரின் ‘வேர் தேர் இஸ் நோ டாக்டர்’ மெக்சிகோ மலைக் கிராமங்களுக்காக முதலில் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. கொரோனாவுக்கு மிக முந்திய புத்தகம்தான். ஆனாலும் படுத்திருப்பவரைக் கவனிப்பது, காய்ச்சல், உடலில் நீர் வற்றுவது பற்றியெல்லாம் அவ்வளவு எளிமையாகச் சொல்லும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்?

அரசு, உலக சுகாதார நிறுவனம், வெர்னர் நூலை வெளியிடும் ஹெஸ்பெரியன் ஆகியோரின் தளங்களில் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் உள்ளன.

பெஹாலாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. டயமண்ட் ஹார்பர் சாலையில் பஸ் ஏறினால் சற்றுத் தொலைவில் அலிப்பூர். அங்கே பெல்வெடேரில் தேசிய நூலகம். தமிழுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, தமிழறிஞர் ச. வையாபுரிப்பிள்ளையின் சேகரிப்பும் அங்கேதான் வந்து சேர்ந்தது. ஆனால் ஊரடங்கில் நூலகக் கதவும் மூடிவிடும். ஆகவே ஊர் நன்றாக இருக்கும்போதே போய், எந்தப் புத்தகம் நமக்கு ஒத்துவருகிறது என்று புரட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். வாங்கத்தான் வேண்டும் என்றால் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம்.

மொத்தச் செலவு? நோட்டு ஒன்று 50 ரூபாய், பென்சில் 10 ரூபாய், முக்கியமான இருபது பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க 40 ரூபாய். நூறு ரூபாய் நோட்டு ஒன்று போதும்.

எப்படிப் படிப்பது?

மூன்று முறை படிப்போம்.

முதல் முறை, பத்து நிமிடம். பொருளடக்கம், யார் வெளியிட்டது, எந்தத் தேதி. தேதியை நோட்டில் எழுதியே ஆக வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் முறை, பென்சிலோடு. ‘கழுவு’, ‘காய வை’, ‘அளந்து பார்’ என்று செய்யச் சொல்லும் சொற்களின் கீழ் மட்டும் கோடு. மற்றதெல்லாம் விளக்கம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020 மார்ச் இறுதியில் வீட்டிலேயே முகக்கவசம் தைப்பதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. இரண்டு முறை படித்ததில் புரிந்ததாகத்தான் நினைத்தேன். பழைய வேட்டித் துணியை வெட்ட உட்கார்ந்தபோதுதான் மடிப்பு எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற சந்தேகமே வந்தது. கவசத்தைச் சோப்பும் சுடுநீரும் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் குறைந்தது 5 மணி நேரம் காய வைக்கச் சொல்கிறது அந்தக் கையேடு. பெஹாலாவின் மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அடுத்த வரியிலேயே வழி இருந்தது: பிரஷர் குக்கரில் 10 நிமிடம் கொதிக்க விடலாம். கையில் துணியோடு படித்ததால்தான் அந்த வரி கண்ணில் பட்டது.

ஒரு பக்கத் தாள்

மூன்றாம் முறை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் நம் கையெழுத்தில் எழுதுவோம். கைப்பேசி வேண்டாம், காகிதம்தான். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் 2020 மே 20. அன்று உம்பன் புயல் வங்கத்தைத் தாக்கியது. தெற்குக் கொல்கத்தாவின் பல குடியிருப்புப் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சேமித்து வைத்திருந்த நாற்பது கோப்புகளும் இருந்தும் இல்லாமல் போயின. சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த தாள் மட்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பயன்பட்டது.

தாளில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் புரியும் மொழி இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு உதவும் மாசிக்கு வங்காளம்தான் வாசிக்க வரும். பக்கத்து வீட்டு பௌதி (அண்ணி என்று அழைப்போம்) என் தமிழ்க் குறிப்பைக் கேட்டுக்கேட்டு வங்காளத்தில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே இரண்டு இடத்தில் ‘இது எதற்கு?’ என்று கேட்டார். எனக்கே விடை தெரியவில்லை. மறுபடி படித்துத் திருத்தினேன். அடுத்தவருக்கு விளக்கிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

கவனம்

தேதிக்கு வருவோம். லேசான தொற்றுக்கு வீட்டுத் தனிமை எத்தனை நாள்? சுகாதார அமைச்சகத்தின் 2020 மே வழிகாட்டி அறிகுறி தொடங்கியதிலிருந்து 17 நாள் என்றது. ஜூலையில் அது 10 நாளானது. 2022 ஜனவரியில், பரிசோதனையில் தொற்று உறுதியானதிலிருந்து 7 நாள். இவற்றோடு காய்ச்சலில்லாத நாள்களின் கணக்கும் தனியாக உண்டு. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்து அறிவின்படி எழுதியது. தேதி பார்க்காமல் பழையதைப் பிடித்துக்கொண்டால் நல்ல வழிகாட்டியே நம்மைத் தவறாக நடத்தும். வெளியிட்டவர் பெயரும் தேதியும் இல்லாமல் வரும் எதையும் தாளில் ஏற்ற வேண்டாம்.

மருந்தின் அளவை வழிகாட்டியிலிருந்து எடுக்கவே கூடாது, அது மருத்துவர் சொல்லவேண்டியது. மூச்சுத் திணறல் வந்தாலோ ஆக்சிமீட்டர் எண் இறங்கினாலோ புத்தகத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவமனையின் தொலைபேசி எண் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

காலை ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். கேள்வியை எழுதி, ஒரே ஒரு வழிகாட்டியை இறக்கி, முதல் இரண்டு வாசிப்பை முடிப்போம். புதன்கிழமைக்குள் செய்து பார்த்துவிடுவோம். அடுத்த ஞாயிறு தாளை எழுதி ஒட்டுவோம். மூலையில் அன்றைய தேதி. பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்கட்டும், திருத்த வேண்டி வரும்.