அப்பா வீட்டில் நமக்கும் பங்கு உண்டு



"அப்பா தவறிட்டாரு. வீட்டை அண்ணன் பேருக்கு மாத்தக் கையெழுத்துக் கேக்குறாங்க. சீரெல்லாம் செஞ்சாச்சு, உனக்கென்ன பங்குன்னு சொல்றாங்க. போடலாமாக்கா?" ஆமத்தூர் பக்கத்துக் குழுக்களில் கேட்கும் கேள்வி இது.

சீர் வாங்கியதால் பங்கு போகாது. இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் சொல்வது:

1. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் அவர்களுக்கும் கொடுத்தது.

2. ஆண் வாரிசுகள் குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க இருந்த தடையும் அன்றே நீங்கியது.

3. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து பிரித்த பாகத்தை மாற்ற முடியாது.

4. அப்பா சுயமாகக் கட்டிய வீடு என்றால் உயிலில் எழுதியபடி. உயில் இல்லையென்றால் அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்துவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. முதலில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கூடப்பிறந்தவர்களோடு பேசி முடிந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியுங்கள். முடியாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். தெரிந்து விட்டுக்கொடுங்கள், தெரியாமல் இழக்காதீர்கள்.

குழுவில் பேச: நம்மில் எத்தனை பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்?