மருந்தைக் கலப்பதற்கு முன்

அமெரிக்காவில் வேலைக்கு வந்து, வார இறுதியில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழகி, பிறகு ரைஃபிள் தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள ஆசைப்படும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கிள், பழைய டப்பாவில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கு. புது டப்பாவும் வாங்கிட்டேன். ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிடலாமா?"

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடாது. .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியின் அறைக்குள் 62,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏறலாம் என்று அமெரிக்கத் தர விதி வரம்பு வைத்திருக்கிறது. கார் டயரில் இருப்பது முப்பத்து சொச்சம். அவ்வளவு அழுத்தமும் உங்கள் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால் அடைபட்டு நிற்கிறது. அதனால் பொறுமையாகக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இது, சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்.

1. மருந்தின் பெயரைப் படித்தால் போதாது, லாட் எண்ணையும் படியுங்கள்.

புகையில்லா மருந்தின் உடல் நைட்ரோசெல்லுலோஸ். சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். நீலகிரி அருவங்காட்டில் ஆங்கிலேயர் காலத்தில் தொழிற்சாலை வைத்துத் தயாரித்த கார்டைட் இந்த இரண்டாவது வகை. மணிகளின் அளவு, மேலே பூசும் வேதிப்பூச்சு, மிச்சமிருக்கும் ஈரம் எல்லாம் சேர்ந்துதான் மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒரு தடவை வந்ததுபோல் மறு தடவை அச்சு அசலாக வராது. அதனால்தான் ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி லாட் எண்.

சில்லறை டப்பாவில் நம் கைக்கு வருவது ஏற்கனவே கலந்த மருந்துதான். வேகம் கூடியதையும் குறைந்ததையும் கம்பெனியே கலந்து, ஒரு வரம்புக்குள் கொண்டுவந்து அடைக்கிறது. தோட்டா கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் மருந்தில் லாட்டுக்கு லாட் வித்தியாசம் இன்னும் அதிகம். அவர்கள் ஒவ்வொரு லாட்டையும் அழுத்தம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்த்து, அதற்கேற்ப எடையை மாற்றுகிறார்கள். ஆக, கலப்பது பாவமல்ல. அளந்து பார்க்காமல் கலப்பதுதான் ஆபத்து. அந்த அழுத்தக் கருவி அவர்களிடம் இருக்கிறது, நம் வீட்டுக் கராஜில் இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

2. எண் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் மருந்து மலையாகத் தேங்கிக் கிடந்தது. கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அந்த உபரி மருந்தை வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புபவர்களுக்கு மலிவாக விற்றார். அப்படிப் புகழ்பெற்றதுதான் 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்காகச் செய்யப்பட்ட 4831. பல ஆண்டுகள் கழித்து டுபான்ட் கம்பெனி ஐஎம்ஆர் 4831 என்ற பெயரில் ஒரு மருந்தைக் கொண்டுவந்தது. எண் அதேதான், ஆனால் இது ஹாட்ஜ்டனின் எச் 4831ஐ விட வேகமாக எரியும். எவ்வளவு மருந்து நிரப்பலாம் என்று சொல்லும் பழைய கையேடுகளில் வெறுமனே "4831" என்றுதான் அச்சாகியிருக்கும். அது ஹாட்ஜ்டனுடையது. அந்த அளவைப் பார்த்து ஐஎம்ஆர் மருந்தை நிரப்பினால் அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடலாம். 4895, 4350 ஆகிய எண்களிலும் இப்படி இரண்டு கம்பெனி மருந்துகள் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. எச் 110, வின்செஸ்டர் 296 இரண்டும் ஒரே மருந்து, லேபிள்தான் வேறு. ஆனாலும் உங்கள் மேசையில் அவை இரண்டு லாட். அப்படியே நடத்துங்கள்.

3. இருவேறு மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள்.

வேகமானதும் மெதுவானதும் பாதிப்பாதி சேர்ந்தால் நடுத்தரமான மருந்து கிடைக்கும் என்று புத்திசாலிப் பையன்கள்கூட நினைக்கிறார்கள். கிடைக்காது. ஒரு மருந்து குச்சி குச்சியாக இருக்கும், இன்னொன்று கடுகு போல் உருண்டையாக இருக்கும். மருந்தை அளந்து ஊற்றும் அளவை இயந்திரத்தின் கைப்பிடியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு அசைவிலும் சின்ன மணிகள் அடியில் இறங்கும், பெரியவை மேலே நிற்கும். முதல் பத்துத் தோட்டாவில் ஒரு கலவை, கடைசிப் பத்தில் வேறொரு கலவை. எந்தக் கையேட்டிலும் இதற்கு அளவு கிடையாது. கரும்பொடியோடு புகையில்லா மருந்தைச் சேர்ப்பது அதைவிடக் கொடியது. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

4. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே எண், லாட் மட்டும் வேறு என்றால் கலக்கலாம். ஆனால் மூன்று கட்டாயங்கள்.

முதலாவது, இரண்டு டப்பாவும் நீங்களே கடையில் சீல் பிரிக்காமல் வாங்கியவையாக இருக்க வேண்டும். நண்பர் கொடுத்தது, பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது, லேபிள் கிழிந்தது எதுவும் ஆகாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது, கலப்பதானால் முழுவதையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பழைய டப்பாவில் புதிதைக் கொஞ்சம் ஊற்றுவது, தீரத் தீர மறுபடி ஊற்றுவது என்ற பழக்கம்தான் பல வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்தால் உங்கள் மருந்து மாதத்துக்கு ஒரு குணமாக மாறிக்கொண்டே இருக்கும். அதே மருந்தின் பெரிய காலி டப்பாவில் இரண்டையும் ஊற்றி, மேலே கால்பங்கு இடம் விட்டு மூடி, கையாலேயே மெதுவாக உருட்டியும் கவிழ்த்தும் கலக்குங்கள். மின்சாரக் கருவி எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இரண்டு லாட் எண்களையும் கலந்த தேதியையும் அந்த டப்பாவிலேயே எழுதுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கலந்து முடித்தது ஒரு புது மருந்து. பழைய லாட்டில் நீங்கள் கண்டுபிடித்து வைத்த அளவு அதோடு முடிந்தது. கையேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அதன் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்து, மறுபடி படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் சுட்ட கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக்கூட்டை, கையில் எடுத்துப் பாருங்கள். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வட்ட ஓரம் தட்டையாகி, அது உட்காரும் குழியை நிரப்பி நிற்கிறதா, கேஸின் அடிப்பகுதியில் பளபளப்பான வட்டத் தழும்பு விழுந்திருக்கிறதா, போல்ட்டைத் தூக்கும்போது பிடிக்கிறதா என்று கவனியுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்திருந்தால் இன்னும் நல்லது. புத்தகம் சொல்வதைவிடக் குண்டு வேகமாகப் போனால் அழுத்தமும் புத்தகத்தைத் தாண்டியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். வேகம் இலவசமாகக் கிடைக்காது.

மருந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ராணுவமே சாட்சி. எம்16 ரைஃபிளை வடிவமைத்துச் சோதித்தபோது தோட்டாவில் இருந்தது ஐஎம்ஆர் குச்சி மருந்து. 1960களின் நடுவில் ராணுவம் உருண்டை மருந்துக்கு மாறியது. சுடும் வேகம் கூடியது, கரி அதிகம் படிந்தது. வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள, வியட்நாமில் சிப்பாய்களின் கையில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இந்த மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சோதனைச்சாலையும் நிபுணர்களும் இருந்த இடத்திலேயே இது நடந்தது.

5. பழைய மருந்தை முகர்ந்து பாருங்கள்.

நல்ல மருந்தில் லேசான ஈதர் வாடை வரும், ஸ்பிரிட் போல. கெட்டதில் மூக்கைச் சுருக்கும் அமில நெடி வரும். மூடியைத் திறந்தால் செம்பழுப்புப் புகையோ துரு நிறப் பொடியோ தெரியும். தகர டப்பாவானால் உட்புறம் அரித்திருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானே சிதையும். அப்போது வரும் அமில வாயுக்களைப் பிடித்துவைக்க டைஃபினைலமீன் போன்ற நிலைப்படுத்தி சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துவிட்டால் சிதைவு வேகம் பிடிக்கும். அப்படிப்பட்ட மருந்தைப் புதியதோடு சேர்த்தால் பழையது பிழைக்காது, புதியதும் கெடும். நம்பிக்கை இல்லாத மருந்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல், உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

6. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

தெரிந்தே கலப்பதைவிடத் தெரியாமல் கலந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது. அளவை இயந்திரத்தின் புனலில் நேற்றைய மருந்து கொஞ்சம் கிடக்கும், இன்று வேறு டப்பாவைத் திறந்து அதன் மேலேயே ஊற்றிவிடுவார்கள். அல்லது வேலை முடிந்து, புனலில் மீந்ததைத் தப்பான டப்பாவில் திருப்பிக் கொட்டுவார்கள். இதில் இரண்டாவது மோசம், ஒரு முழு டப்பாவும் வீண். எழுந்து போவதற்கு முன் புனலைக் காலி செய்யுங்கள். எந்த மருந்து என்று ஒரு கணம் சந்தேகம் வந்தால்கூட டப்பாவுக்குத் திருப்பாதீர்கள்.

7. வீட்டில் அளவோடு வையுங்கள்.

அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி, வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். உங்கள் நகர விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நிறையச் சுடுபவராக இருந்தால் எட்டு பவுண்டு டப்பாக்களை ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள். நெடுந்தூரப் போட்டிக்காரர்கள் செய்வது இதைத்தான். கலக்கும் கேள்வியே பிறகு எழாது.

8. மிச்சத்தைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். .308க்கு நாற்பது சொச்சம் கிரெய்ன் போகிறது என்றால், ஒரு பவுண்டு டப்பாவில் கால்பங்கு மிச்சமிருந்தால் சுமார் நாற்பது தோட்டா வரும். அவற்றைப் பழைய அளவிலேயே நிரப்பி, பெட்டியில் லாட் எண் எழுதி, பயிற்சிக்குச் சுட்டுவிடுங்கள். பிறகு புது டப்பாவைத் திறந்து, கீழிருந்து தொடங்குங்கள். கையளவு மருந்துதான் மிச்சம், சில தோட்டாவுக்கு மேல் தேறாது என்றால் ஆசைப்படாமல் ஒதுக்கிவிடுங்கள். அதன் விலை சில டாலர். புதிதாகத் தொடங்குபவர் யாரும் முதல் ஓராண்டு எந்த லாட்டையும் எதனோடும் கலக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.