கார்த்திகையில் காய் பறிக்க ஆசைப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே நீ குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வெண்டையும் கத்தரியும் கணுக்கால் தண்ணீரில் நிற்கின்றன, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில்: ஒன்றும் அடிக்காதே. தண்ணீருக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போகவில்லை. அதனால்தான் காலடியில் இவ்வளவு நீர் இருந்தும் இலை தொங்குகிறது. அந்த வேரால் உரத்தையும் உறிஞ்ச முடியாது. இப்போது நீ யூரியா தூவினால் அது பக்கத்து நிலத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான் போய்ச் சேரும்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நிலத்தின் தாழ்ந்த மூலையை வெட்டித் திற. மழை விடட்டும் என்று காத்திருக்காமல் மழையிலேயே செய். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வெயிலடிக்கும்போது எல்லா நிலமும் சமமாகத்தான் தோன்றும்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கத்தரிச் செடிகளைப் பிடுங்கிப் பார். வேரின் நுனியை விரலால் உருவு. மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நூல் போன்ற நார் மட்டும் மிஞ்சினால், மோந்தால் சாக்கடை வாடை வந்தால், அந்தச் செடி முடிந்தது. இலை பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. அது இன்னும் சில நாள் பச்சையாகத்தான் நிற்கும். தண்டை ஒட்டி வெள்ளையாகப் புது வேர் கிளம்பியிருந்தால் பிழைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட செடிக்கு மண்ணைக் கொத்தி அணைத்துவிட்டு, 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளி. வேர் தேறும்வரை இலை வழியாகத்தான் ஊட்ட வேண்டும். பிடுங்கியதில் பாதிக்குமேல் அழுகியிருந்தால் அந்தப் பாத்தியை மறந்துவிடு. இனி அதற்குக் கூலி வைப்பதும் மருந்து வாங்குவதும் வீண் செலவு. நம் ஆட்களில் பலர் நட்டப்படுவது மழையால் மட்டுமல்ல, மழைக்குப் பிறகு செத்த செடிக்குச் செய்யும் செலவாலும்தான்.

இனி அடுத்த வருடத்துக்கான பேச்சு. இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது 2015 டிசம்பர் 1. வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு, அது கரையைக் கடந்ததே நம் மாமல்லபுரம் அருகில்தான். மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையேறினாலும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் இங்கே கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. தமிழ் மாதத்தில் கணக்குப் போட்டால் எல்லாமே கார்த்திகையின் நடுவிலோ பின்பாதியிலோதான். 2020இல் வந்த நிவர் மட்டும் சற்று முந்திக்கொண்டு கார்த்திகை பத்தை ஒட்டி வந்தது. கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். (2021 பொங்கலில் அந்தப் பழமொழியும் பொய்த்தது, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் படுத்துவிட்டது.)

ஆகவே கார்த்திகையில் பூவும் பிஞ்சுமாக ஒரு தோட்டத்தை நிறுத்தி வைப்பது சூதாட்டம். அந்த மாதத்தில் நீ காக்க வேண்டியவை மூன்றுதான்: மண், நாற்று, கையிருப்புப் பணம். காய் எல்லாம் தைக்கு மேல்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. கோயம்பேட்டு விலையைக் கேட்டதும் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் அந்த விலை வந்ததே காய் இல்லாததால்தான். எல்லார் தோட்டமும் அழுகியதால் ஏறிய விலை அது. நம்முடையது மட்டும் தப்பும் என்று நம்பி, அதற்காகக் கமிஷன் மண்டியில் முன்பணமும் வாங்கினால், தை மாசியில் காய் வரும்போது மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. முன்பணம் மட்டும் வாங்காதே. இதை மட்டும் உத்தரவாகவே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் கைச்செலவுக்கு வருமானம் வேண்டுமென்றால் கீரை போடு. சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். ஒரு பாத்தி போனால் விதைக்காசும் கொஞ்சம் உழைப்பும்தான் நட்டம். ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, விதை முளைக்கும்வரை மேலே தென்னங்கீற்று பரப்பு. மழைத்துளி மண்ணை இலைமேல் வாரி அடித்தால் கட்டு விலைபோகாது. மார்கழியில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழாவுக்கு ஆள் வரும், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் அறை நிறையும். அப்போது கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கேட்பார்கள். கடனுக்குத்தான் கேட்பார்கள். ஒரு வாரத்துக்குமேல் பாக்கி நிற்க விடாதே.

நாற்றைப் பற்றி. கத்தரி, மிளகாய் நாற்றைக் கார்த்திகை முதல் வாரத்தில் குழித்தட்டில் விடு. பத்து நாள் கழித்து இன்னொரு தவணை விடு. முதல் தவணை கெட்டாலும் வருடம் கெடாது. தட்டுகளை மேசையிலோ பலகையிலோ தூக்கி வை. மேலே பாலித்தீன் கூரை வேண்டும். நிழல்வலை போதும் என்று கடைக்காரர் சொல்வார். அது வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. வலையில் சேர்ந்து சொட்டும் நீர் நாற்றைச் சாய்த்துவிடும். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள். இத்தனைக்கும் மேல் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் இளைத்து, நாற்று மடிந்து விழ ஆரம்பித்தால் அது நாற்றழுகல். காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்று, தண்ணீர் விடுவதைக் குறை. மார்கழியில் நட்டால் மாசியில் கத்தரி பறிக்கலாம். வெண்டையைத் தையில் நேராக விதை. அதற்குள் வெள்ளை ஈ வந்துவிடும் என்பதால் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கு.

செய்யூர், மதுராந்தகம் பக்கத்துக்காரர்களைப் பார்த்து நிலம் முழுக்கத் தர்பூசணி போட்டுவிடாதே. 2025 கோடையில் பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. விலை விழுந்து, வயலிலேயே பழத்தை விட்டவர்கள் உண்டு. உழவன்மேல் எந்தத் தப்பும் இல்லாமலே ஒரு பயிர் அப்படி விழும்.

உன் மண்ணையும் தெரிந்துகொள். பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே பட்டிபுலம் பக்கம் மணல். எவ்வளவு பெய்தாலும் இறங்கிவிடும், கூடவே சத்தும் இறங்கிவிடும். கோடையில் அங்கே கிணறு உப்புக்குத் திரும்பும். கால்வாய்க்கு மேற்கே உன் நிலம் களி. சத்து நிற்கும், தண்ணீரும் நிற்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் முகத்துவாரம் நீரை வாங்காது, கால்வாய் எதிர்த்து நிற்கும். அன்றைக்கு நீ எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் மெதுவாகத்தான் வடியும். அதனால் களி நிலத்தில் வடிகாலைவிடப் பாத்தியின் உயரம் முக்கியம். மழைக்கு முன்னால் ஆடியிலோ ஆவணியிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழு. களி கொஞ்சம் பொலபொலப்பாகும்.

வடிகால் என்றால் பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்துதான். உன் தண்ணீர் அவர் நிலத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மழையில் மடையை வெட்டிவிட்டுப் பிறகு சமாதானம் பேசப் போனால் வெட்டுக்குத்தில் முடியும். சித்திரையிலேயே அவரோடு நடந்து போய், வாய்க்கால் எங்கே, யார் தூர்வார வேண்டும் என்று பேசி முடி. இது புதுப் பிரச்சினையல்ல. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் இருக்கிறது, தோட்ட வாரியமும் இருக்கிறது. குடவோலை பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அந்த ஓலையில் தேர்ந்தவர்கள் ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி: அதைப் பங்குனியில் முடிவு செய். மாசி, பங்குனி அறுவடைக் கணக்கைப் பார்க்காமல் கார்த்திகைச் சேற்றில் நின்று எடுக்கும் முடிவு அரைக் கணக்கு. பங்குனியிலும் கையைக் கடித்தால் தாராளமாகக் கொடுத்துவிடு. அதில் மானக்கேடு எதுவும் இல்லை.

இப்போதைக்கு அவசரம் வேறொன்று. கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உன் பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாயா? பேரிடர் நிவாரணம் 33 சதவீதத்துக்குமேல் சேதமான பயிருக்குத்தான் கிடைக்கும்; அதைக் கணக்கெடுப்பதே பதிவை வைத்துத்தான். பயிர்க் காப்பீட்டில் ஓராண்டுத் தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட பயிராக இருக்க வேண்டும், கெடுவுக்குள் கட்டியிருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிர் உன்னுடையது, காகிதம் நிலக்காரருடையது. பணம் வந்தால் யாருக்கு வரும் என்று யோசி. நிலக்காரரையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார். தண்ணீர் வடிவதற்குள் பாத்தியைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்